எதிர்வரிசையில் இருபத்தெட்டு ஆண்டுகள்

செட்டி ஜகன் என்னும் பெயரைக் கேட்டவுடன் காரைக்குடிப் பக்கத்தவரோ என்று எண்ணிவிட வேண்டா. அவருடைய முன்னோர் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்து உழவர்கள். பிறந்த ஊரோ தென்னமெரிக்காவின் வடகரையில் உள்ள கயானா நாட்டுக் கரும்புத் தோட்டம். நிலப்படத்தில் தென்னமெரிக்காவோடு ஒட்டியிருந்தாலும், வரலாற்றாலும் மொழியாலும் மட்டைப்பந்தாலும் கயானாவைக் கரிபியன் நாடுகளோடு சேர்த்து எண்ணுவதே வழக்கம். அந்நாட்டு நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தே நரைத்துப் போன ஒரு மனிதரின் கதையை இம்மலரில் எழுத எடுத்துக்கொண்டோம். ஆண்டவர்களின் வரலாறு எங்கும் கிடைக்கிறது. ஆளவிடாமல் தடுக்கப்பட்டவரின் வரலாற்றைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

1838 முதல் 1917 வரை ஏறத்தாழ 2,39,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பிரிட்டிஷ் கயானாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அடிமை முறை ஒழிந்தபின் கரும்பு வெட்ட ஆள் தேவைப்பட்டது. அதற்காக ஆங்கிலேயர் கண்ட வழி இது. பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய வடவர். சென்னையில் ஏறியோர் சுமார் 15,000 பேர். தமிழும் தெலுங்கும் பேசிய இச்சிறு கூட்டத்தை மற்ற இந்தியர்கள் 'மதராசி' என்று அழைத்தனர். தலைநகர்க் கடைத்தெருவில் நாம் அன்றாடம் கேட்கும் இச்சொல், பல்லாயிரம் கல் தொலைவில், கடலுக்கு அப்பாலும் நம்மவரைத் தொடர்ந்து சென்றிருக்கிறது என்பதை அறிந்தபோது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. மொழியை அங்கு அவர்கள் இழந்துவிட்டனர். மாரியம்மனையும் காளியையும் தப்பையும் இழக்கவில்லை. வீராசாமி, நாகமுத்து, பெருமாள் என்ற பெயர்களும் எழுத்துச் சிதைவோடு இன்றும் வழங்குகின்றன. இவர்கள் செறிந்து வாழ்ந்த கொரன்டைன் கரையோரத்தில்தான் ஜகனின் ஊரான போர்ட் மொரான்ட் தோட்டமும் இருந்தது.

1918 மார்ச் 22ஆம் நாள் ஜகன் பிறந்தார். தாயும் தந்தையும் கைக்குழந்தைகளாகத் தத்தம் குடும்பத்தோடு கப்பலில் வந்தவர்கள். சிறு வயதிலேயே கரும்புக் காட்டில் வேலைக்குப் போனவர்கள். தந்தை உழைத்து உயர்ந்து கரும்பு வெட்டும் கூட்டத்துக்கு மேலாளானார். தோட்டத்து மொழியில் அப்பதவிக்கு 'டிரைவர்' என்று பெயர். வண்டி ஓட்டுபவர் அல்லர், ஆட்களை ஓட்டுபவர். பதினொரு பிள்ளைகளுள் மூத்தவரான செட்டியை எப்படியாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் வீட்டில் இருந்தது. பதினைந்தாம் வயதில் தலைநகர் ஜார்ஜ்டவுனின் குவீன்ஸ் கல்லூரிப் பள்ளிக்கு அனுப்பினர். 1936இல் அமெரிக்காவுக்கே அனுப்பினர்.

வாஷிங்டனில் அவர் சேர்ந்த ஹவார்டு பல்கலைக்கழகம் கறுப்பின மக்களுக்கென ஏற்பட்டது. தோட்டத்தில் நிறத்தால் பிரிந்து கிடந்த இரு கூட்டத்தாருள் ஒன்றிலிருந்து வந்த இளைஞர், மற்றக் கூட்டத்தாரின் கல்விக்கூடத்தில் ஈராண்டு பயின்றது சிறிய செய்தியன்று. மின்தூக்கி இயக்கியும் வேறு சில்லறை வேலைகள் பார்த்தும் பொருளீட்டிச் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1942இல் பல் மருத்துவரானார். அங்கேயே ஜேனட் ரோசன்பர்க் என்னும் யூதப் பெண்ணைக் காதலித்து 1943இல் மணந்தார். இரு வீட்டாரும் மகிழவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மையார் பின்னாளில் கட்சியின் பொதுச்செயலாளராகவும், இதழாசிரியராகவும், கணவருக்குப் பின் நாட்டின் தலைவராகவும் விளங்கினார். அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

1943இல் ஊர் திரும்பிய ஜகன் ஜார்ஜ்டவுனில் பல் மருத்துவமனை தொடங்கினார். 1946இல் ஜேனட்டும் வேறு சில நண்பரும் சேர்ந்து ஓர் அரசியல் ஆய்வுக் குழுவை அமைத்தனர். மறு ஆண்டே, இருபத்தொன்பதாம் வயதில், அவர் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். எனினும் அவரை அரசியல்வாதியாக்கியது அந்த வெற்றியன்று. 1948 ஜூன் 16ஆம் நாள் என்மோர் தோட்டத்தில் நடந்ததுதான்.

கரும்பை வெட்டிப் போட்டுவிட்டுச் செல்வது பழைய முறை. வெட்டியவரே அதைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் வாய்க்காலில் நிற்கும் இரும்புப் படகில் ஏற்ற வேண்டும் என்பது முதலாளிகள் கொணர்ந்த புது முறை. இதை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. அன்று காவலர் சுட்டதில் ஐந்து தொழிலாளர் மாண்டனர். அவர்களுடைய உடல்களைத் தாங்கிய ஊர்வலம் என்மோரிலிருந்து ஜார்ஜ்டவுன் இடுகாடு வரை நடந்தே சென்றது. முன்னணியில் ஜகன் தம்பதியர் நடந்தனர். தம் வாழ்நாளை இம்மக்களின் விடுதலைக்கே அளிப்பதென்று அந்த இடுகாட்டில் தமக்குள் உறுதி பூண்டதாகப் பின்னர் அவர் எழுதினார்.

1950 ஜனவரி முதல் நாள் மக்கள் முன்னேற்றக் கட்சி தோன்றியது. ஜகன் அதன் தலைவர். லண்டனில் சட்டம் பயின்று திரும்பிய ஆப்பிரிக்க வழியினரான ஃபோர்ப்ஸ் பர்னாம் அதன் அவைத்தலைவர். பர்னாமின் நாவன்மைக்கு முன் நிற்கக்கூடியவர் அந்நாட்டில் இல்லை. வயலில் உழைத்த இந்தியரும் நகரிலும் சுரங்கத்திலும் உழைத்த ஆப்பிரிக்கரும் முதன்முறையாக ஒரே கொடியின் கீழ் நின்றனர். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளிக்கப்பட்ட முதல் தேர்தலில், 1953 ஏப்ரலில், 24 இடங்களுள் 18ஐ அக்கட்சி வென்றது. அந்த ஆட்சி நீடித்தது 133 நாட்கள். 1953 அக்டோபர் 9ஆம் நாள் சர்ச்சிலின் அரசு படையை அனுப்பி அரசமைப்பையே நிறுத்தி வைத்தது. பொதுவுடைமைச் சதி என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. தேதியை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அது மீண்டும் வரும்.

பதவியிழந்த ஜகனும் பர்னாமும் நீதி கேட்டு முதலில் லண்டனுக்கும் பின்னர் நம் தில்லிக்கும் வந்தனர். நேரு அவர்களைச் சந்தித்தார். நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே அவர்கள் உரையாற்றினர். பஸ்தியிலிருந்து கைக்குழந்தைகளாகப் போனவர்களின் மகன், அரை நூற்றாண்டுக்குப் பின் இந்தியாவின் தலைநகரில் ஒரு நாட்டின் சார்பாக நின்றார். ஊர் திரும்பியதும் சட்டமறுப்பில் இறங்கினார். ஜார்ஜ்டவுனை விட்டு நகரக்கூடாது என்ற ஆணையை மீறியதற்காக 1954இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

1955இல் கட்சி உடைந்தது. பர்னாம் பிரிந்து தனிக் கட்சி கண்டார். முதலில் இந்தப் பிளவு கொள்கைப் பிளவாகவே பேசப்பட்டது. சில ஆண்டுகளில் இந்தியர் ஒரு பக்கம், ஆப்பிரிக்கர் ஒரு பக்கம் என்று ஆயிற்று. குற்றம் முழுவதையும் பர்னாம் மீது சுமத்துவோர் உளர். நாம் அப்படிக் கருதவில்லை. ஆங்கிலேயர் பிரிவை விரும்பினர் என்பது மெய். பர்னாமுக்கு முதலிடத்தில் ஆசை இருந்தது என்பதும் மெய். ஆனால் தம் வாக்கு வங்கி ஓர் இனத்தாருடையதாகச் சுருங்குவதைக் கண்டும் ஜகன் அதைத் தடுக்கப் போதிய அளவு முயலவில்லை. வர்க்கம் என்பதே உண்மை, இனம் வெறும் தோற்றம் என்று அவர் படித்த நூல்கள் சொல்லின. ஊரில் மக்கள் நூலைப் பார்த்து வாழவில்லை.

1957இலும் 1961இலும் அவரே வென்றார், 1961இல் பிரதமரானார். அதே ஆண்டு அக்டோபரில் வாஷிங்டன் சென்று கென்னடியைச் சந்தித்து உதவி கேட்டார். கியூபாவால் புண்பட்டிருந்த வெள்ளை மாளிகைக்கு, தன்னைச் சோசலிசவாதி என்று மறைக்காமல் சொல்லிக்கொண்ட இந்த மனிதரைப் பிடிக்கவில்லை. அங்கு என்ன முடிவு செய்யப்பட்டது என்பது அப்போது மறைவாயிருந்தது. 2005இல் அமெரிக்க அரசே வெளியிட்ட ஆவணத் தொகுதி, 1962 முதல் 1968 வரை கயானாவில் மறைமுகச் செயல்களுக்காக ஏறத்தாழ 20 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டதை ஒப்புக்கொள்கிறது.

1962ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி நடுவணரசு அலுவலர்களாகிய நாம் சற்று நின்று பேசலாம். அதனை வகுக்க உதவியவர் கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டார். இவரை நமக்குத் தெரியும். 1956இல் இந்தியாவுக்கு வரிச் சீர்திருத்த அறிக்கை அளித்தவர் இவரே. அவர் பரிந்துரைத்த செல்வ வரியையும் செலவு வரியையும் 1957இல் இங்கே கொணர்ந்தவர் நம் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. இங்கே அவ்வரிகளால் முணுமுணுப்பு எழுந்தது. ஜார்ஜ்டவுனில் நகரமே எரிந்தது. செல்வர் மீது வரியும், மாதம் நூறு டாலருக்கு மேல் ஊதியம் பெறுவோருக்குக் கட்டாயச் சேமிப்பும் என்றதும் வணிகரும் அரசு ஊழியரும் தொழிற்சங்கத்தாரும் ஒன்றுகூடி எதிர்த்தனர். 1962 பிப்ரவரி 16ஆம் நாள் கடைவீதி தீக்கிரையாயிற்று. ஊதியத்தில் பிடித்தம் என்றால் எழுத்தர்கள் எப்படிக் கொதிப்பார்கள் என்பதை அத்திட்டம் வகுத்தவர்கள் எங்களைப் போன்ற ஒருவரிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருப்போம்.

1963இல் எண்பது நாட்கள் பொது வேலைநிறுத்தம். அதற்குப் பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது. 1964இல் கரும்புத் தோட்ட வேலைநிறுத்தம் இனக்கலவரமாயிற்று. லியோனோராத் தோட்டத்தில் மறியலில் அமர்ந்திருந்த கௌசில்லா என்னும் பெண் டிராக்டர் ஏறி மாண்டார். விஸ்மார் என்னும் சுரங்க ஊரிலிருந்து இந்தியக் குடும்பங்கள் தாக்கப்பட்டுத் துரத்தப்பட்டன. ஆப்பிரிக்கர் பயணம் செய்த படகொன்று வெடித்து நாற்பது பேரளவில் இறந்தனர். அவ்வாண்டு மாண்டோர் 150க்கும் மேல். பக்கத்து வீட்டாராக வாழ்ந்தவர்கள் இரவோடிரவாக வீட்டைப் பெயர்த்து வேறூருக்குக் கொண்டுபோயினர். அங்கே மரவீடுகள், பெயர்த்தெடுக்க முடியும். அந்தப் பிரிவினை கயானாவை இன்றுவரை விடவில்லை.

இதற்கிடையே ஜகன் செய்த ஒரு செயலை அவருடைய அன்பர்களாலும் விளக்க முடிந்ததில்லை. 1963 அக்டோபரில் லண்டன் மாநாட்டில் மூன்று கட்சித் தலைவர்களுக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. தேர்தல் முறை உட்பட எல்லாவற்றையும் பிரிட்டிஷ் அரசே முடிவு செய்யட்டும், அதனை ஏற்கிறோம் என்று மூவரும் கையெழுத்திட்டுக் கொடுத்தனர். பிறர் கையெழுத்திடுவதில் வியப்பில்லை. ஜகன் ஏன் இட்டார்? பத்து ஆண்டு ஏமாற்றத்துக்குப் பின்னும் பிரிட்டிஷ் நேர்மையில் ஒரு மூலையில் நம்பிக்கை வைத்திருந்தார் போலும். வெற்றுத்தாளில் ஒப்பமிடாதே என்பது அலுவலகத்தில் சேரும் கடைநிலை எழுத்தருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம். குடியேற்ற அமைச்சர் டங்கன் சாண்டிஸ் அத்தாளில் எழுதியது வீதமுறைத் தேர்தல். அம்முறை தன்னளவில் நியாயமற்றதன்று. 1961இல் 42.6 விழுக்காடு வாக்குக்கு 35இல் 20 இடங்களை ஜகன் பெற்றதும் பழைய முறையின் தயவால்தான். ஆனால் ஒருவரைக் கீழிறக்குவதற்காகவே முறையை மாற்றுவது வேறு. 1964 டிசம்பர் தேர்தலில் அவருடைய வாக்கு 45.8 விழுக்காடாக உயர்ந்தது. 53இல் 24 இடங்களோடு அவருடைய கட்சியே பெரிய கட்சி. ஆனால் மற்ற இரு கட்சிகளும் கூட, பர்னாம் பிரதமரானார். ஜகன் பதவி விலக மறுத்தபோது லண்டனிலிருந்து ஓர் ஆணை வந்து அவரை நீக்கியது.

அன்று தொடங்கியது அந்த இருபத்தெட்டு ஆண்டு. 1966 மே 26ஆம் நாள் நள்ளிரவில் கயானா விடுதலை பெற்றபோது, கொடியேற்றத்தின்போது பர்னாமும் ஜகனும் தழுவிக்கொண்டனர். விடுதலைக்காக முதலில் குரலெழுப்பியவர் விருந்தினராக நின்று கைதட்ட நேர்ந்த நாள் அது.

பின்வந்த தேர்தல்களை நாம் ஓர் எழுத்தரின் கண்கொண்டே படித்தோம். 1968இல் வெளிநாட்டில் வாழும் கயானியர் பெயரால் அஞ்சல் வாக்குகள் வந்தன. அவற்றுள் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆளுங்கட்சிக்கே. பிரிட்டனின் கிரனடா தொலைக்காட்சிக் குழுவினர் அந்த முகவரிகளைத் தேடிப் போனபோது பல இடங்களில் அப்படி ஒரு வாக்காளரே இல்லை. 1973இல் வாக்குப் பெட்டிகளைப் படையினர் எடுத்துச் சென்றனர். கொரன்டைனில் 64ஆம் எண் கிராமத்தில் பெட்டியை விடமாட்டோம் என்று மறித்த ஜகன் கட்சியினர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பர்னாமுக்கு மூன்றில் இரு பங்கு இடம் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. 1980இன் புதிய அரசமைப்பு எதிர்க்கட்சித் தலைவர் என்ற பெயரையே மாற்றிச் 'சிறுபான்மைத் தலைவர்' என்றாக்கியது. அவ்வாண்டும் 1985இலும் நடந்தவை தேர்தல்கள் என்று சொல்லத்தக்கவை அல்ல.

இவற்றில் எங்கும் பெரிய தந்திரம் இல்லை. பட்டியல் தயாரிப்பது, படிவம் நிரப்புவது, பெட்டியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோவது, இவ்வளவே. நம்மில் தேர்தல் பணி பார்த்தோர் பலர். மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததும் அரக்கு முத்திரை வைத்து, பதிவான வாக்கின் கணக்கை எழுதி, ஒவ்வொரு கட்சி முகவருக்கும் நகல் கொடுத்து ஒப்பம் வாங்கிவிட்டுத்தான் எழுந்திருப்போம். பசியும் தூக்கமும் வருத்தும் அந்நேரத்தில் இது எதற்கு என்று அலுத்துக்கொண்டதும் உண்டு. கயானாவின் கதையைப் படித்தபின் அலுத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவுக்கும் ஜகன் செய்தது என்ன? மேடையில் பேசினார், இதழில் எழுதினார், தோட்டந்தோட்டமாக நடந்தார். அவருடைய இதழுக்கு அச்சுத்தாள் இறக்குமதி மறுக்கப்பட்டது. ஆயுதம் எடுப்போம் என்ற இளைஞர்களை அவர் பின்தொடரவில்லை. 1964இன் பிணங்களை அவர் மறந்திருக்க மாட்டார். சில முடிவுகள் நமக்கு உடன்பாடானவை அல்ல. 1969இல் மாஸ்கோ அணியோடு கட்சியை வெளிப்படையாகப் பிணைத்துக்கொண்டது, அவரை விலக்கி வைக்க விரும்பியவர்களுக்கு அவரே தந்த காரணமாயிற்று. 1975இல், பாக்சைட்டையும் சர்க்கரையையும் பர்னாம் நாட்டுடைமையாக்கி வந்த நேரத்தில், 'விமரிசனத்தோடு கூடிய ஆதரவு' தருவதாக அறிவித்தார். ஈராண்டுக்கு முன் பெட்டிக்காக உயிர் கொடுத்த இருவரின் வீட்டார் அதை எப்படிக் கேட்டிருப்பர்? ஆயினும் அதே 1975 டிசம்பர் 31இல், அவருடைய சார்பான சங்கம் கரும்புத் தொழிலாளரின் வாக்கெடுப்பில் 98 விழுக்காடு பெற்றது. நேர்மையாக எண்ணப்பட்டால் எண் எப்படி வரும் என்பதற்கு அது ஒரு சான்று.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தீர்ந்து, கோதுமை மாவுக்கும் பருப்புக்கும் இறக்குமதித் தடை வந்தது. ரொட்டியும் பருப்பும் இன்றி இந்திய வீடுகளில் பூசையும் திருமணமும் எப்படி நடக்கும்? பக்கத்து நாடான சுரிநாமிலிருந்து ஆற்றைக் கடந்து மாவு கள்ளத்தனமாக வந்தது. பல்லாயிரவர் நாட்டை விட்டே போயினர். கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் விமானத்தில் நியூயார்க்குக்கும் டொராண்டோவுக்கும் இரண்டாம் முறை புலம்பெயர்ந்தனர். ஜகன் போகவில்லை.

1985 ஆகஸ்டில் பர்னாம் இறந்தார். பெர்லின் சுவர் விழுந்தபின் ஜகனைக் கண்டு அஞ்ச வாஷிங்டனுக்கும் காரணம் இல்லாமற் போயிற்று. 1990இல், கென்னடியின் உதவியாளராயிருந்த வரலாற்றறிஞர் ஆர்தர் ஷ்லெசிங்கர் நியூயார்க்கில் ஜகன் முன்னிலையிலேயே அவருக்குப் பெரும் அநீதி இழைக்கப்பட்டதென்று ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் முன்னாள் அமெரிக்கத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜ்டவுன் வந்தார். புதிய வாக்காளர் பட்டியல் வேண்டும், வாக்குகளை அந்தந்தச் சாவடியிலேயே எண்ண வேண்டும் என்பவை எதிர்க்கட்சிகள் ஆண்டுக்கணக்காகக் கேட்டவை. பர்னாமுக்குப் பின் வந்த டெஸ்மண்ட் ஹாய்ட் இதற்கு இசைந்தார். இசைந்ததற்காக அவரையும் பாராட்டவே வேண்டும்.

1992 அக்டோபர் 5ஆம் நாள் தேர்தல். தேர்தல் ஆணையக் கட்டடத்தின் மீது கூட்டம் கல்லெறிந்தது. ஆனாலும் எண்ணிக்கை நின்றுவிடவில்லை. ஜகனின் அணிக்கு 53.5 விழுக்காடு. ஆப்பிரிக்க வழியினரான பொறியாளர் சாம் ஹைன்ட்ஸைப் பிரதமராக்கிக்கொண்டு, எழுபத்து நான்காம் வயதில் அவர் நாட்டின் தலைவராகப் பதவியேற்றார். அந்த நாள் அக்டோபர் 9. சர்ச்சிலின் படை வந்திறங்கி அரசமைப்பு நிறுத்தப்பட்டதும் அக்டோபர் 9. இடையில் முப்பத்தொன்பது ஆண்டுகள்.

கிடைத்தது நான்கரை ஆண்டு. பெருங்கடனில் மூழ்கிய கருவூலத்தை வைத்துக்கொண்டு இளமையில் கண்ட கனவுகளில் எதைச் செய்ய முடியும்? கடன் தள்ளுபடிக்காக அலைந்ததிலேயே காலம் போயிற்று. 1997 மார்ச் 6ஆம் நாள் வாஷிங்டன் மருத்துவமனையில் இறந்தார். உடலைப் போர்ட் மொரான்டுக்குக் கொண்டுவந்து, கரும்புக் காட்டருகே விறகு அடுக்கி எரியூட்டினர்.

அவருடைய அமைச்சரவையில் இருந்தவருள் ஒருவர் மோசஸ் வீராசாமி நாகமுத்து, கொரன்டைனின் விம் கிராமத்து மதராசிக் குடும்பத்தில் பிறந்தவர். ஜகனின் கட்சியில் பல்லாண்டு உழைத்து, பின் 2011இல் அதைவிட்டு விலகி, எதிரணியோடு சேர்ந்து 2015இல் பிரதமரானார். அவர் பதவியிலிருந்தபோதே 2020 மார்ச் 2இல் பொதுத் தேர்தல் நடந்தது. நான்காம் மண்டலத்தின் மொத்தக் கணக்காக அதிகாரி அறிவித்த எண்கள் ஒத்துவரவில்லை. நாடு ஐந்து மாதம் முடிவின்றி நின்றது. இம்முறை எதிர்க்கட்சியாயிருந்த ஜகனின் கட்சியிடம், சாவடிதோறும் எண்ணி, ஒப்பமிட்டு, வாசலில் ஒட்டப்பட்ட கணக்குத்தாள்களின் நகல்கள் இருந்தன. 2,339 பெட்டிகளும் மீண்டும் திறந்து எண்ணப்பட்டன. ஆகஸ்ட் 2ஆம் நாள் முடிவு அறிவிக்கப்பட்டபோது அது அந்தத் தாள்கள் சொன்ன முடிவாகவே இருந்தது.